இருபத்திரெண்டாம் தேதி

பொங்கல் கழிந்த எட்டாம் நாள் நாப்கின் பெட்டிகள் திரும்பி வந்தன. அனுப்பியது முப்பது, வந்தது பத்தொன்பது. ஜெய்னுலாபுதீன் பாய் வேனின் பின்கதவைத் திறந்து விட்டுவிட்டு ஒதுங்கி நின்றார். எப்போதும் வண்டியை நிறுத்திய கையோடு டீக்குச் சொல்கிற மனுஷர், அன்றைக்குச் சாவியை விரலில் மாட்டிச் சுற்றிக்கொண்டு, பெண்டாட்டியின் முகத்தைப் பார்க்காமல் எதிரே இருந்த வாழைக்கொல்லையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

நூர்ஜஹான் அவரிடம் ஒன்றும் கேட்கவில்லை. கேட்க வேண்டியதையெல்லாம் முதல் நாளே ஹாஸ்டல் வார்டன் போனில் சொல்லி முடித்திருந்தாள். நாற்பது பிள்ளைகளுக்குத் தொடையிடுக்கில் கீறல். அதில் பத்துப் பன்னிரண்டு பேருக்குப் புண்ணாகி நீர் வடிகிறது. ஒரு பிள்ளை நடக்க முடியாமல் பரீட்சைக்கே போகவில்லை. வாழைநாரில் செய்தது, பிளாஸ்டிக் கிடையாது, மண்ணில் போட்டால் மண்ணாகிவிடும் என்று சொல்லித்தானே கொடுத்தீர்கள், மண்ணுக்கு நல்லதாகவே இருக்கட்டும், இந்தப் பிள்ளைகளுக்கு யார் பதில் சொல்வது என்று அந்த அம்மாள் கேட்டிருந்தாள். அதை நூர்ஜஹான் வேலைக்கு வந்திருந்த பெண்கள் எல்லார் முன்னாலும் ஒரு வார்த்தை குறைக்காமல் ஒப்பித்தாள்.

ரெத்தினம் தன் இடத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தாள். அவள் இடம் என்பது ஒரு மர மேசை, ஒரு முதுகு வைத்த நாற்காலி, தலைக்கு மேல் ஒரு மின்விசிறி. நாப்கினின் ஓரத்தைச் சூட்டில் ஒட்டுகிற சின்ன மெஷின் மேசைமேல் இருந்தது. முப்பத்தெட்டு வயதுக்குள் அவள் நாற்காலியில் உட்கார்ந்து செய்த முதல் வேலை அதுதான். அதற்கு முன்னால் பன்னிரண்டு வயதிலிருந்து நடவு, களை, அறுப்பு, கட்டுச் சுமை. அதெல்லாம் குனிந்து செய்கிற வேலை. குனிந்த முதுகு நிமிர்வதற்குள் அடுத்த வயல் வந்துவிடும்.

அந்த இடம் பாயின் அத்தா காலத்தில் நெல் வாங்கி அடுக்கிய கிடங்கு. திருவையாற்றுக்குக் கிழக்கே, படுகையை ஒட்டி இருந்தது. பாய் ரியாத்தில் இருபது வருஷம் லாரி ஓட்டி, கம்பெனி ஆளைக் குறைத்தபோது ஊர் திரும்பியவர். திரும்பிய கையோடு சும்மா இருக்க முடியாமல் ஒரு பழைய வேன் வாங்கினார். நூர்ஜஹான் சும்மா இருக்கிற ஆளே இல்லை. வாழைத்தண்டை வெட்டிக் கரையில் தள்ளி அழுக விடுகிறார்களே என்று பார்த்து, கோயம்புத்தூருக்குப் போய்ப் பத்து நாள் பயிற்சி எடுத்து வந்து, கிடங்கைக் கழுவி மெஷினை இறக்கினாள். தார் வெட்டிய வாழையின் மட்டையை உரித்து மெஷினில் கொடுத்தால் நார் பிரியும். நாரைக் காய வைத்துத் துண்டாக நறுக்கி, காஸ்டிக் சோடாவில் நாலு மணி நேரம் வேக வைத்து, ஏழு தண்ணீரில் அலசி, அடித்துப் பஞ்சாக்கி, மெல்லிய துணிக்குள் வைத்து ஒட்ட வேண்டும். கேட்பதற்குச் சுலபம். பதினோரு மாதத்தில் பதினோரு பேட்ச் போட்டிருந்தார்கள்.

ஒவ்வொரு பேட்ச்சையும் வெளியே அனுப்புவதற்கு முன்னால் உள்ளே வேலை பார்க்கிற பெண்களே போட்டுப் பார்ப்பது என்பது நூர்ஜஹான் வைத்த சட்டம். நம்ம உடம்புக்கு ஆகாததை அடுத்தவ உடம்புக்கு விக்கக்கூடாது என்பாள். முதல் அண்டா நாரில் செய்த நாப்கின் ஆளுக்கு ஆறு கொடுப்பாள், கூடவே ஓர் அட்டையும். கசிவு, குத்தல், அரிப்பு, வாடை என்று கட்டம் போட்டு, தலைப்பில் தேதியும் பேரும் இருக்கும். படிக்கத் தெரியாதவளும் ஆம் என்றால் கோடு, இல்லை என்றால் சுழி போட்டுவிடலாம். அட்டைகளை ஆணியில் கோத்துச் சுவரில் தொங்க விட்டிருந்தாள். கல்யாணம் ஆகாத பெண்களுக்கு மட்டும் அட்டை கிடையாது. வயதுக்கு வந்த பெண்ணின் தேதியை எழுதிச் சுவரில் மாட்டினால், லோடு இறக்க வருகிற ஆம்பிளை வரைக்கும் படிப்பான், நாளைக்கு அவள் வீட்டில் யார் வந்து கேட்பது என்று அவளே முடிவு கட்டியிருந்தாள். அதை யாரும் தப்பென்று நினைக்கவில்லை. ஆக, அட்டைக்காரிகள் மூன்று பேர்: ரசியா பேகம், மங்களாம்பிகை, ரெத்தினம். ரசியாவுக்கு எட்டாம் தேதி, மங்களத்துக்குப் பதினாலு, ரெத்தினத்துக்கு இருபத்திரெண்டு.

ரெத்தினத்துக்கு எந்தத் தேதியும் கிடையாது. கர்ப்பப்பையை எடுத்து ஆறு வருஷம் ஆகிறது. நடவு வயலில் நின்றபடியே மாதத்தில் இருபது நாள் போய்க்கொண்டிருந்தது. சேறும் ரத்தமும் ஒரே நிறமாகிக் காலில் வழிந்தது. தஞ்சாவூரில் காட்டினாள். எடுத்துவிட்டால் தொல்லை இல்லை என்றார்கள். எடுத்தாள். மலேசியாவில் சாப்பாட்டுக் கடையில் வேலை செய்கிற புருஷன் நடராசனிடம் போனில் சொன்னபோது, சரி என்றான். இனிமேல் கனம் தூக்கக்கூடாது, ரொம்பக் குனியக்கூடாது என்று நர்ஸம்மா சொன்னதையும் சொன்னாள். அதற்கும் சரி என்றான். அப்புறம் வாரத்துக்கு ஒரு போன் மாதத்துக்கு ஒன்றாகியது. அதுவும் ஒரு கணக்குக்குச் சரிதான் என்று அவள் விட்டுவிட்டாள்.

வேலைக்கு ஆள் எடுத்தபோது நூர்ஜஹான் கேட்ட முதல் கேள்வியே, மாசாமாசம் ஒழுங்கா வருதா என்பதுதான். ரெத்தினம் நாற்காலியைப் பார்த்தாள். வருதுங்க என்றாள். என்ன தேதி என்றபோது வாயில் வந்தது இருபத்திரெண்டு. பொய் சொல்கிறோம் என்று மனசு அடித்துக்கொள்ளவில்லை. அடித்துக்கொள்கிற மனசெல்லாம் எங்கேயோ வயலில் கிடந்தது.

அந்தத் தேதி நல்ல தேதியாக அமைந்துபோனது. ரசியாவும் மங்களமும் முன்னாலேயே அட்டையை முடித்திருப்பார்கள். வேலை விட்டுப் போகிற வழியில், எப்படிக்கா இருந்துச்சு இந்தத் தடவை என்று மங்களத்திடம் வாயைப் பிடுங்கினால் போதும். அதையே கொஞ்சம் மாற்றிப் போட்டுவிடுவாள். ஆனாலும் ஒன்றுமே செய்யாமல் எழுதக் கை வரவில்லை. ஆறில் ஒன்றைப் பிரித்து, ஒரு பகல் முழுக்கக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பாள், காய்ந்ததையே. மிச்சம் ஐந்தை, மில் ஹாஸ்டலில் தங்கி வேலை செய்கிற மகள் லீவுக்கு வந்தால் அவள் பையில் வைத்து அனுப்புவாள்.

பதினோராம் பேட்ச் போட்ட டிசம்பரில் இந்த ஒழுங்கு குலைந்தது. ரசியாவுக்கு அந்த மாதம்தான் நின்றது, முழுகாமல் இருந்தாள். பதினாலாம் தேதி வந்தது, மங்களம் இன்னும் ஆகலை என்றாள். இருபதாம் தேதி நூர்ஜஹான் கேட்டபோதும் தள்ளிப்போகுதுக்கா, உடம்பே சரியில்ல என்றாள். லீவு முடிந்து ஹாஸ்டல் திறப்பதற்குள் பெட்டி போய்ச் சேர வேண்டும். நூர்ஜஹான் ரெத்தினத்தின் மேசைக்கு வந்து, இந்தத் தடவ உன் அட்டைதான், நீ சொன்னா அனுப்பிடுறேன் என்றாள். ரெத்தினம் காய்ந்த நாப்கினை ஒரு பகல் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மெத்தென்று இருந்தது. நாலு கட்டத்திலும் சுழி போட்டுக் கொடுத்தாள்.

இப்போது அந்த நாலு சுழியும் மேசைமேல் கிடந்தன. நூர்ஜஹான் அட்டையை ஆணியிலிருந்து கழற்றிக் கொண்டுவந்து போட்டிருந்தாள். திரும்பி வந்த நாப்கின் ஒன்றைத் தண்ணீரில் நனைத்து, துணியைக் கிழித்து, உள்ளே இருந்த நாரை விரலால் பிரித்துக் காட்டினாள். பஞ்சுக்கு நடுவே சின்னச் சின்னச் சிலாம்பு, வைக்கோல் நுனி மாதிரி. காய்ந்திருக்கும்போது படிந்து கிடப்பது, ஈரம் பட்டதும் எழுந்து துணிக்கு வெளியே நீட்டியது.

இது வேகாத நார் என்றாள் நூர்ஜஹான். அண்டாவைப் பார்த்துக்கொள்கிறவள் ஜெயபாரதி. இருபத்துமூன்று வயது, தகப்பன் இல்லை, ரெத்தினத்தின் தெருதான். நூர்ஜஹான் அவளைக் கூப்பிட்டு எதிரே நிற்க வைத்துக் கேட்டாள்.

“மொத அண்டா நார்லதான் அட்டைக்குக் குடுத்தது. அது நல்லாருக்குன்னு ரெத்தினம் எழுதியிருக்கா. பொட்டிக்குப் போனது அடுத்தடுத்த நாள் வெந்தது. அடுத்த நாள் நீ எத்தன மணிக்குக் கெளம்புன?”

“மூணு மணிக்குங்கக்கா. ஆனா வெந்துருச்சுங்க.”

“பொண்ணு பாக்க வர்றாங்கன்னு அரக்கப் பரக்க ஓடுன. வெந்துச்சா வேகலையான்னு உனக்கு எங்கேருந்து தெரியும்? பூ வாங்குற அவசரத்துல விறகை இழுத்து விட்டுட்டுப் போயிருப்ப.”

ஜெயபாரதி இல்லைங்கக்கா என்று மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னாள். அழவில்லை. அழுதிருந்தால் நூர்ஜஹானுக்குச் சுலபமாக இருந்திருக்கும். பார்க்க வந்தவர்கள் வேண்டாம் என்று சொல்லிவிட்டதும் எல்லாருக்கும் தெரியும். சனிக்கிழமையோடு நின்னுக்க, வேற ஆள் பாத்துக்கறேன் என்று சொல்லிவிட்டு நூர்ஜஹான் உள்ளே போய்விட்டாள். பாய் பெட்டிகளை ஒவ்வொன்றாக இறக்கத் தொடங்கினார்.

ரெத்தினம் ஓரம் ஒட்டுகிற மெஷினைப் போட்டாள். அன்றைக்கு ஒட்டுவதற்கு ஒன்றும் இல்லை என்பது கொஞ்சம் கழித்துத்தான் தெரிந்தது. அணைத்தாள்.

வீட்டுக்கு வந்தபோது வெயில் இன்னும் இறங்கவில்லை. பரண்மேல் இருந்த பிளாஸ்டிக் பையை எடுத்தாள். ஐந்து நாப்கின் பிரிக்காமல் இருந்தன. பொங்கலுக்கு மகளுக்கு லீவு கிடைக்கவில்லை. கிடைத்திருந்தால் இந்த ஐந்தும் அவள் பையில் போயிருக்கும். அதை நினைத்துப் பார்த்தாள். நினைத்ததோடு சரி, நெஞ்சுக்குள் ஒன்றும் அசையவில்லை.

ஒன்றைப் பிரித்து வாளியில் போட்டு அமுக்கினாள். ஊறட்டும் என்று உட்கார்ந்திருந்தாள். எடுத்துப் பிழிந்து உள்ளங்கையில் தேய்த்தாள். ஒன்றும் தெரியவில்லை. இருபது வருஷம் நாற்று முடியும் அரிவாள் பிடியும் பிடித்த கை, அதில் நெருப்பு பட்டாலே மெதுவாகத்தான் தெரியும். பிறகு ரவிக்கைக் கையை மேலே ஏற்றிவிட்டு, கக்கத்துக்குக் கீழே வெயிலே படாத தோலில் வைத்து, ஆள் நடக்கிற வேகத்துக்குத் தேய்த்தாள். வாசல் வேலியிலிருந்து தெருமுனைக்குப் போகிற தூரத்துக்கு எத்தனை தடவையோ அத்தனை தடவை. வெள்ளையாகக் கோடு விழுந்தது. இன்னும் ஒரு தெருவுக்குத் தேய்த்தாள். கோடு சிவந்து, பொடிப் பொடியாக ரத்தம் எட்டிப் பார்த்தது.

இது முதல் அண்டா நார். நாலு மணி நேரமும் பக்கத்தில் நின்று நூர்ஜஹானே வேக வைத்தது.

வேகாதது இல்லை. வெந்தும் அடங்காதது. நவம்பரில் அடித்த கஜா புயலில் சாய்ந்த வாழை இரண்டு லோடு, பாயின் சொந்தக்காரர் முத்துப்பேட்டையிலிருந்து சும்மா எடுத்துக்கொள்ளச் சொல்லி அனுப்பினார். மூன்று வாரம் தரையில் கிடந்து, மேல் மட்டையெல்லாம் காய்ந்து முறுகிப்போனது. அதை உரித்தபோதே மட்டை உரிக்கிற ஆட்கள் முனகினார்கள். கிடங்கில் எல்லாருக்கும் தெரியும். அட்டை நன்றாக இருக்கிறது என்றதும் எல்லாரும் மறந்துபோனார்கள்.

ஜெயபாரதிமேல் தப்பில்லை என்று காட்ட வேண்டுமானால் இந்தப் பையைக் கொண்டுபோய்க் காட்ட வேண்டும். பையைக் காட்டினால், அட்டை எழுதியவளிடம் இது ஏன் பிரிக்காமல் இருக்கிறது என்று கேட்பார்கள். கேட்டால் நாற்காலி போய்விடும். இதற்கு மேல் அதில் யோசிக்க ஒன்றும் இல்லை. ரெத்தினம் சோறு வடித்தாள், சாப்பிட்டாள். இடுப்பை நிமிர்த்திச் சுவரில் சாய்ந்துகொண்டாள். நாற்காலியில் உட்கார ஆரம்பித்த பிறகு அடிவயிற்றுத் தையல் இழுக்கிற இழுப்பு குறைந்திருந்தது. அது திரும்ப வரும். வரட்டும் வேண்டாம் என்று எந்தப் பக்கமும் மனசு சாயவில்லை. அப்படியே தூங்கிப்போனாள்.

காலையில் பையை எடுத்துக்கொண்டு போனாள். தீர்மானம் செய்துகொண்டு போனாள் என்று சொல்ல முடியாது. கை எடுத்தது, கால் போயிற்று. வயலுக்குப் போன நாளிலெல்லாம் அப்படித்தானே போனாள்.

நூர்ஜஹான் மேசையில் உட்கார்ந்து, மீதிப் பதினோரு பெட்டி எங்கே என்று போனில் விசாரித்துக்கொண்டிருந்தாள். ரெத்தினம் பையைக் கவிழ்த்தாள். நாலு பிரிக்காதது, ஒன்று நனைத்தது. ரவிக்கைக் கையை ஏற்றிக் காட்டினாள். நூர்ஜஹான் போனை வைத்துவிட்டு அந்தச் சிவப்பைப் பார்த்தாள், அப்புறம் நாப்கினைப் பார்த்தாள்.

“இது எந்த அண்டா?”

“மொத அண்டாங்க. அட்டைக்குக் குடுத்தது.”

“இது ஏன் உங்கிட்ட இருக்கு?”

“போடலங்கக்கா.”

“ஏன்?”

“எனக்கு வர்றதில்லங்க. எடுத்து ஆறு வருஷம் ஆச்சு.”

அறைக்கு வெளியே மங்களமும் ஜெயபாரதியும் நின்றிருந்தார்கள். நார் மெஷின் ஓடாததால் பேச்சு முழுதும் காதில் விழுந்துவிட்டது.

அப்ப பதினோரு மாசமா எதைப் பாத்து எழுதுன என்று நூர்ஜஹான் கேட்டாள். மத்தவங்களைக் கேட்டு என்றாள் ரெத்தினம். போன மாசம் என்று கேட்டாள். கேக்க ஆள் இல்ல, அதான் காஞ்சதையே ஒரு நாள் கட்டிப் பாத்தேன் என்றாள்.

“காஞ்சதைக் கட்டிப் பாத்தியா?”

“மெத்துனுதாங்க இருந்துச்சு.”

நூர்ஜஹான் எழுந்தாள். முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு வாசலில் நின்ற புருஷனைப் பார்த்தாள். சும்மா வந்த தண்டுதானேன்னு இறக்குனது என்று பாய் பொதுவாகச் சொன்னார். அவர் யாரிடம் சொன்னார் என்பது தெரியவில்லை. நூர்ஜஹானும் அதற்குமேல் அந்தப் பேச்சைப் பேசவில்லை. ஜெயபாரதியிடம், நின்னுக்கிட்டு என்ன பாக்குற, போயி அடுப்பப் பத்த வை என்றாள். அவளிடம் முந்தின நாள் பேசியதைத் திருப்பி எடுத்துக்கொண்டதற்கு அதுதான் அடையாளம்.

ரெத்தினம் நின்றுகொண்டிருந்தாள்.

“நாப்பது பிள்ளைங்க” என்றாள் நூர்ஜஹான். “நான் போயி அந்த வார்டன் கால்ல விழப்போறேன். உன்ன என்ன சொல்றதுன்னு எனக்குத் தெரியல. வரலன்னு அன்னிக்கே சொல்லியிருந்தா...”

“சொல்லியிருந்தா எடுத்திருக்க மாட்டீங்க.”

இனி உள்ளே உட்கார வேண்டாம் என்றாள் நூர்ஜஹான். வெளியே மட்டை உரிக்கிற பக்கம் இரண்டு ஆள் நின்றுவிட்டார்கள், இஷ்டம் இருந்தால் அங்கே வரலாம் என்றாள். கூலியைக் குறைக்கவில்லை. கனம் தூக்கக்கூடாது என்று சொல்லியிருப்பதை ரெத்தினம் சொல்லவில்லை. மட்டை உரிக்கிற வேலையில் தூக்காமல் எப்படி. சரிங்க என்றாள். புருஷன் சொல்கிற சரி மாதிரியே இருந்தது அது.

சாயங்காலம் வீட்டுக்குப் போகும்போது மங்களம் கூடவே வந்தாள். மங்களத்துக்கு நாற்பத்திரண்டு வயது, வாய் ஓயாத ஆள். அன்றைக்கு வாய்க்கால் மதகு தாண்டும்வரை பேசவே இல்லை. அறுவடை மெஷின் ஒன்று கரையோடு போனது. அதற்கு ஒதுங்கி நின்றபோதுதான் ஆரம்பித்தாள்.

“ஏண்டி சொன்ன?”

“அந்தப் பொண்ணு போயிருக்கும்.”

“போனா போவுது, அதுக்கு வயசு இருக்கு. உனக்கு என்ன இருக்கு?” என்றாள் மங்களம். கொஞ்ச தூரம் நடந்து, மூக்கைச் சிந்தி முந்தானையில் துடைத்துவிட்டுச் சொன்னாள். “எனக்கும்தாண்டி இல்ல. மூணு வருஷம்.”

ரெத்தினம் நின்றாள். அப்ப நீ யாரைப் பாத்து எழுதுன என்று கேட்டாள்.

“ரசியாவைப் பாத்துத்தான். நீ என்னையப் பாத்து, நான் அவளைப் பாத்து. அவ முழுகாம இருக்கவும் எனக்கு எழுத வழியில்ல. அதான் வரல வரலன்னு தள்ளுனேன். நீ எழுதிட்டா அதையே நானும் எழுதிடலாம்னு இருந்தேன்.”

சிரிக்க வேண்டிய இடம் அது. இரண்டு பேருக்கும் சிரிப்பு வரவில்லை. இத்தனை பேட்ச், இத்தனை பெட்டி, அத்தனைக்கும் காவலாக இருந்தது ரசியா ஒருத்தியின் உடம்பு. அதிலும் பிள்ளை வந்து குந்திக்கொண்டது.

மங்களத்தின் புருஷனுக்குச் சர்க்கரையில் கால் விரல் போய், இப்போது கால் போகிற நிலையில் கிடக்கிறான். அதை அவள் சொல்லிக் காட்டவில்லை. ரெத்தினத்துக்குத் தெரிந்த விஷயம்தான். தெரு பிரிகிற இடத்தில் மங்களம் நின்று, அக்காகிட்ட எதும் சொல்லிடாத என்றாள். ரெத்தினம் தலையாட்டினாளா இல்லையா என்று அவளுக்கே நினைவில்லை. மங்களம் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுப் போய்விட்டாள்.

மறுநாளிலிருந்து ரெத்தினம் வெளியே. கிடங்குக்குப் பின்னால் வெட்டவெளியில் தண்டைக் குறுக்கே போட்டு, கத்தியால் நுனியைக் கீறி மட்டை மட்டையாக இழுத்து உரிக்க வேண்டும். சாறு முழங்கைவரை வழிந்து கறுக்கும். புடவையில் பட்ட கறை எந்தச் சோப்புக்கும் போகாது. உரித்த மட்டையைக் கட்டி மெஷினுக்குத் தூக்கிப் போக வேண்டும். முதல் நாள் மத்தியானமே அடிவயிற்றில் தையல் இழுத்தது. அவள் கட்டைச் சின்னதாகக் கட்டிக்கொண்டாள். நடை அதிகமானது. கூட உரித்த பொம்பளைகள் விஷயம் தெரிந்து முதல் நாள் ஒரு மாதிரி பார்த்தார்கள். இரண்டாம் நாள், அவர்களில் ஒருத்தி தனக்கும் எடுக்கச் சொல்லியிருப்பதாகச் சொல்லி, எடுத்தால் இடுப்பு வலி நிற்குமா என்று கேட்டாள். நிற்காது என்றாள் ரெத்தினம்.

மூன்றாம் நாள் நூர்ஜஹான் கையில் அட்டைக் கற்றையோடு பின்பக்கம் வந்தாள். ஹாஸ்டலுக்குப் போய் வந்திருந்தாள். வார்டன் காலில் விழ வேண்டியிருக்கவில்லை. அந்தப் பிள்ளைகளின் புண்ணை ஒவ்வொன்றாக அவளையே பார்க்க வைத்துவிட்டார்கள். அது பற்றி அவள் அவ்வளவுதான் சொன்னாள். தண்டுக் குவியலுக்குப் பக்கத்தில் நின்று, அட்டைகளைப் புரட்டினாள்.

“இதைப் பாத்திருந்தாலே எனக்குத் தெரிஞ்சிருக்கணும். இருபத்திரெண்டு, இருபத்திரெண்டு, இருபத்திரெண்டு. பதினோரு மாசமும் ஒரு நாள் முன்னப் பின்ன இல்ல. எவளுக்குடி அப்படி வரும்? எனக்கு நிக்கிற வரைக்கும் ஒரு தடவகூட அப்படி வந்ததில்ல.”

ரெத்தினம் கத்தியைப் புல்லில் துடைத்தாள். தள்ளித்தள்ளி எழுத வேண்டும் என்று தனக்குத் தோன்றவே இல்லையே என்று நினைத்தாள். மறந்திருப்போமோ. உடம்புக்கு மறந்துபோனதைக் கை எப்படி எழுதும்.

நூர்ஜஹான் அடுத்த அட்டைகளுக்கு வந்தாள். மேலோட்டமாகப் புரட்டிக்கொண்டு வந்தவள் வேகத்தைக் குறைத்தாள். ஒன்றை எடுத்து இன்னொன்றின் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். ரெத்தினத்துக்கு எட்டிப் பார்க்காமலே தெரிந்தது. பதினாலு, பதினாலு, பதினாலு.

நூர்ஜஹான் நிமிர்ந்தாள். ரெத்தினத்தின் முகத்தைப் பார்த்தாள். கிடங்குக்குள் மங்களம் யாரையோ நையாண்டி செய்து உரக்கப் பேசுவது வெளியே கேட்டது. ஓரம் ஒட்டுகிற மெஷினில் இப்போது அவள்தான் உட்கார்ந்திருந்தாள்.

“ஜெயபாரதிக்கு ஒரு அட்டை குடுங்கக்கா” என்றாள் ரெத்தினம்.

“கல்யாணம் ஆவாத பொண்ணு.”

“பேரு போட வேணாம். செவத்துல மாட்ட வேணாம். நீங்களே வெச்சுக்குங்க. புண்ணு வந்ததும் கல்யாணம் ஆவாத பிள்ளைங்களுக்குத்தானே.”

நூர்ஜஹான் அதைக் கேட்டுக்கொண்டாள். ஆனாலும் கையிலிருந்த பதினாலுகளை மூடவில்லை.

“இவள என்ன பண்றது?”

“ஜெயபாரதி அட்டையைப் பாத்து அனுப்புங்க. அது போதும்.”

நூர்ஜஹான் அட்டைகளை ஒன்றாகச் சேர்த்து ரப்பர் பேண்ட் போட்டாள். கிடங்குக்குள் போனாள். மங்களத்தின் பேச்சு நின்றது. பிறகு நூர்ஜஹான் ஜெயபாரதியைக் கூப்பிடுகிற சத்தம் கேட்டது. சற்று நேரத்தில் மங்களம் பழையபடி பேசத் தொடங்கினாள், முன்னைவிடச் சின்னக் குரலில்.

ரெத்தினம் முழங்காலில் கையை ஊன்றி எழுந்து, அடுத்த தண்டை இழுத்துப் போட்டாள். கீறி, முதல் மட்டையைப் பிடித்து இழுத்தாள். ஒரே இழுப்பில் வரவில்லை. காலால் மிதித்துக்கொண்டு இழுத்தாள்.